முதற்சுவடு

உரைநடை உலகம்

நுழையும்முன்

எந்தக் கலையைக் கற்கத் தொடங்குவோரும் அதன் உச்சியையே முதலில் நாடுகின்றனர். இசை பயில வருபவர் கச்சேரியை எண்ணி வருகிறார். ஓவியம் பயில வருபவர் முழு உருவத்தைத் தீட்ட விரும்புகிறார். தற்காப்புக் கலைகளில் இந்த விழைவு இன்னும் மிகுதி. ஆனால், ஆசான் கற்பிக்கும் முதற்பாடம் மாணவர் கேட்டு வந்ததாக இருப்பதில்லை. கேட்பது ஒன்றும் கிடைப்பது ஒன்றுமாக இருப்பது ஏன்? அந்த இடைவெளியில் மாணவரின் உடல்நலமும், சில நேரங்களில் உயிரும் அடங்கியிருப்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

உச்சியை நாடும் விழைவு

கோவில் திருவிழாக்களில் சிலம்பாட்டம் நடைபெறும்போது கூட்டம் எதைப் பார்த்து ஆர்ப்பரிக்கிறது? கண்ணுக்குப் புலப்படாத விரைவில் சுழலும் கம்பை. இரு முனைகளிலும் நெருப்பு எரியச் சுற்றும் தீப்பந்தத்தை. மின்னலென நெளியும் சுருள்வாளை. இவற்றைக் கண்டு மனம் பறிகொடுத்த சிறுவரும் சிறுமியரும் மறுநாளே பயிற்சிக் களத்திற்கு வருகின்றனர். அவர்கள் உள்ளத்தில் நிற்பது சுழலும் கம்பு மட்டுமே.

கராத்தே பயில வருவோர் ஓடுகளை உடைக்கவும் உயர எழும்பி உதைக்கவும் விரும்புகின்றனர். ஜூடோ பயில வருவோர் தம்மினும் பெரியவரைத் தூக்கி எறியும் உத்தியைக் கேட்கின்றனர். வர்மக்கலையைப் பற்றிக் கேள்விப்பட்டவர், ஒரு விரலால் ஒருவரை வீழ்த்தும் இடம் எதுவென்று அறியத் துடிக்கின்றனர். நாடும் ஊரும் கலையும் வேறுபட்டாலும் தொடக்கநிலை மாணவரின் விழைவு ஒன்றே. அது விரைவாக வலிமை பெறுதல். பெற்ற வலிமையைப் பிறர் காணச் செய்தல்.

இவ்விழைவை இழித்துரைப்பது எளிது. ஆயினும், அது இல்லையேல் எவரும் களத்தின் வாயிலை மிதித்திருக்க மாட்டார். ஆகவே, விழைவு பிழையன்று. அதனை எந்த வரிசையில் நிறைவு செய்வது என்பதே ஆசான் முன் நிற்கும் வினா.

சுவடும் சுழற்சியும்

சிலம்புதல் என்பதற்கு ஒலித்தல் என்பது பொருள். கம்பு காற்றைக் கிழித்துச் சுழலும்போதும் கம்போடு கம்பு மோதும்போதும் எழும் ஒலியால் இக்கலை இப்பெயர் பெற்றது என்பர். பெயரே கம்பின் ஒலியைக் குறித்தாலும் பயிற்சி கம்பிலிருந்து தொடங்குவதில்லை, காலிலிருந்து தொடங்குகிறது. அடியைப் பெயர்த்து வைக்கும் முறைக்குச் சுவடு, காலடி ஆகிய பெயர்கள் வழங்குகின்றன. பல களங்களில் மாணவர் வெறுங்கையுடன் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அடிவைத்துப் பழகுகின்றனர். வந்த முதல் நாளிலேயே கம்பைச் சுழற்றலாம் என எண்ணியவருக்கு இது சலிப்பைத் தருகிறது.

இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. சிலம்பக் கம்பு பொதுவாகப் பயில்பவரின் நெற்றி அளவு உயரம் உடையது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள கம்பின் நடுவைப் பிடித்து ஒரு நொடிக்கு இருமுறை சுழற்றுவதாகக் கொள்வோம். சுழற்சியின் ஆரம் முக்கால் மீட்டர். அவ்வாறாயின், முனை ஒரு நொடிக்கு ஏறத்தாழ 9.4 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. அதே கம்பின் ஒரு முனையைப் பிடித்து அதே விரைவில் சுழற்றினால் ஆரம் இரு மடங்காகும். மறுமுனையின் வேகமும் இரு மடங்காகி மணிக்கு 68 கிலோமீட்டரை நெருங்கும். இவ்வேகத்தில் வரும் கட்டையின் முன் முழங்காலோ கணுக்காலோ தவறான இடத்தில் நின்றால் என்ன நேரும் என்பதை எளிதில் உணரலாம். கம்பு உடலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு மாறும் கணத்தில் கால் அதற்கு வழிவிட்டு நகர வேண்டும். கால் அறியாததைக் கை செய்ய முற்பட்டால், எதிராளிக்கு முன்பே சுழற்றுபவர் அடிபடுவார்.

மற்றொரு காரணமும் உண்டு. வீச்சின் வலிமை தோளிலும் மணிக்கட்டிலும் மட்டும் பிறப்பதில்லை. தரையை ஊன்றிய பாதத்திலிருந்து எழும் விசை இடுப்பின் திருப்பத்தால் பெருகித் தோள் வழியாகக் கைக்கு வந்து சேர்கிறது. ஊன்றல் சரியில்லாதவர் கையால் மட்டும் சுற்றுவார். பார்வைக்கு அது விரைவாகவே தோன்றும். ஆனால், எதிராளியின் கம்பு ஒருமுறை குறுக்கே விழுந்தால் அவர் பிடி நழுவும், உடல் நிலைகுலையும்.

மூன்றாவது காரணம் தொலைவு. எதிராளியின் கம்பு தம்மை எட்டுமா, தம் கம்பு அவரை எட்டுமா என்பதை முடிவு செய்வது ஓர் அடி இடைவெளியே. அந்த ஓர் அடியைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது கால். முனையை மட்டுமே நோக்கிக்கொண்டிருப்பவர், எதிராளியின் கால் பெயர்வதைக் காணத் தவறுவார். முனை வந்து சேரும்போது விலகுவதற்கு நேரம் இராது. எனவே, சுவடு என்பது கம்பாட்டத்திற்கு முன் செய்யும் சடங்கன்று. கம்பாட்டத்தின் பாதி அதுவே.

| தெரியுமா? 2023ஆம் ஆண்டிற்கான கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்றன. அவற்றில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. |

வீழக் கற்றல்

ஜூடோவை வகுத்தவர் ஜப்பானியக் கல்வியாளரான ஜிகோரோ கானோ. அவர் 1882ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒரு கோவிலின் சிறிய அறையில், பன்னிரண்டு பாய்கள் விரித்த பரப்பில், கோடோகான் என்னும் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். எறிதல் உத்திகளுக்குப் பெயர்பெற்ற இக்கலையில் மாணவர் முதலில் கற்பது எறிதலை அன்று, எறியப்பட்டு வீழ்வதை. ஜப்பானிய மொழியில் இதற்கு உகேமி என்று பெயர்.

வீழ்வதற்குமா பயிற்சி வேண்டும் எனத் தொடக்கநிலை மாணவர் வியப்பார். பயிற்சியற்றவர் பின்புறமாக விழும்போது இயல்பாகவே கையை நீட்டி ஊன்ற முயல்கிறார். உடலின் எடை முழுவதும் மணிக்கட்டிலும் முழங்கையிலும் இறங்குகிறது. அல்லது தலை பின்னோக்கிச் சாய்ந்து தரையில் மோதுகிறது. பயிற்சி பெற்றவரோ தாடையை மார்போடு ஒட்டித் தலையைக் காக்கிறார், முதுகை வளைக்கிறார், நீட்டிய கை முழுவதையும் பாயில் அறைந்து, மோதலின் விசையை உடற்பரப்பு முழுவதும் பகிர்ந்தளிக்கிறார். ஓர் இடத்தில் குவிந்தால் எலும்பை முறிக்கும் விசை, பரப்பில் பரவும்போது வெறும் ஓசையாக முடிகிறது.

இப்பாடத்தைப் போதிய அளவு கற்பிக்காமல் விரைந்தால் என்னவாகும் என்பதற்கு ஜப்பானே சான்று. அந்நாட்டுப் பள்ளிகளில் 1983ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் ஜூடோ பயிற்சி தொடர்பாக நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர் உயிரிழந்தனர். தலையில் ஏற்பட்ட காயமே பல இறப்புகளுக்குக் காரணம். அவர்களுள் பலர் அப்போதுதான் பயிற்சியில் சேர்ந்த முதலாண்டு மாணவர்கள். 2012ஆம் ஆண்டு முதல் நடுநிலைப் பள்ளிகளில் தற்காப்புக் கலைப் பாடம் கட்டாயமாக்கப்பட்ட வேளையில் இவ்வுண்மை பெரும் விவாதத்தை எழுப்பியது. பாதிக்கப்பட்ட குடும்பங்களும் ஆய்வாளரும் குரல் கொடுத்தனர். வீழ்தலைச் செவ்வனே கற்ற பிறகே எறிதலுக்குச் செல்லவேண்டும், தலையில் அடிபட்டவரை உடனே பயிற்சியிலிருந்து விலக்கவேண்டும் என்னும் நெறிகள் வலியுறுத்தப்பட்டன. அதன்பின் உயிரிழப்புகள் வெகுவாகக் குறைந்தன.

சலிப்பூட்டும் முதற்பாடம் எத்துணை மதிப்புடையது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் தேவையில்லை. எறிய விரும்பும் மாணவர் எறியப்படவும் ஒருவர் வேண்டும். வீழக் கற்றவர் இருவர் இருந்தால்தான் எறியும் பயிற்சி ஒன்று நிகழும்.

களரியின் வரிசைமுறை

கேரளத்தின் களரிப்பயிற்று இவ்வுண்மையைத் தன் பாடத்திட்டத்திலேயே பொதித்து வைத்துள்ளது. வடக்கன் களரியின் பயிற்சிக்கூடம் மரபாக 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்டு, தரைமட்டத்திற்குக் கீழே அகழ்ந்து அமைக்கப்படும். அதில் பயிற்சி நான்கு படிகளாக நடைபெறுகிறது. முதற்படி மெய்த்தாரி. இதில் ஆயுதம் எதுவும் இல்லை. உடலை வளைத்தல், தாழ்த்தல், தாவுதல், கால் வீசுதல் ஆகியவையே பாடம். இரண்டாம் படி கோல்தாரி. மரத்தாலான ஆயுதங்கள் கைக்கு வருகின்றன. மூன்றாவது அங்கத்தாரி, வாள், கேடயம், ஈட்டி முதலிய உலோக ஆயுதங்கள். நான்காவது வெறுங்கை, ஆயுதமின்றி ஆயுதத்தை எதிர்கொள்ளல்.

இவ்வரிசையில் இரு செய்திகள் கருதத்தக்கவை. சுருள்வாள் எனத் தமிழில் வழங்கும் உருமி, பார்வையாளரை மிகவும் கவர்வது. ஆயினும், ஆயுதங்களுள் மிகப் பிற்பட்டே கற்பிக்கப்படுவது. நெகிழும் இரும்புத்தகடு, பிடித்தவர் சற்றுத் தாமதித்தாலும் அவரையே சுற்றும். மற்றொன்று, வெறுங்கையில் தொடங்கிய மாணவர் இறுதியில் வெறுங்கைக்கே திரும்புகிறார். முதலில் ஆயுதம் தரப்படாமையால் வெறுங்கை. பின்னர் ஆயுதம் தேவைப்படாமையால் வெறுங்கை. கை ஒன்றே, இடைப்பட்ட ஆண்டுகள் அதனை மாற்றியிருக்கின்றன.

கராத்தேயை ஒகினாவாத் தீவிலிருந்து ஜப்பானின் பெருநிலத்திற்குக் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர் கிச்சின் ஃபுனகோஷி. அவர் தம் இளமைப் பயிற்சியை நினைவுகூரும்போது, கத்தா எனப்படும் ஒரே அசைவுத் தொகுப்பை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ததையும், ஆசிரியர் நிறைவடையும்வரை அடுத்த தொகுப்பிற்குச் செல்ல இசைவு கிடைக்காததையும் குறிப்பிடுகிறார். கடலால் பிரிக்கப்பட்ட இரு நிலங்களில், ஒரே படிப்பினை வேறு வேறு பெயர்களில் வழங்கியிருக்கிறது.

இறுதியில் திறக்கும் கதவு

கன்னியாகுமரிப் பகுதியில் அடிமுறையுடனும் சித்த மருத்துவத்துடனும் இணைந்து வளர்ந்த வர்மக்கலை, தொடக்கநிலை மாணவரின் ஆர்வத்தை வேறு வகையில் சோதிக்கிறது. உடலில் 108 வர்மப் புள்ளிகள் உள்ளன எனவும், அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 எனவும் மரபு வகுக்கிறது. இவற்றின் இடத்தை அறிய வேண்டும் என்பதே பலரது முதல் வேண்டுகோள். ஆசானோ அதனை இறுதிவரை ஒத்திவைக்கிறார். மாணவரின் இயல்பை நெடுங்காலம் கண்ட பிறகே சொல்கிறார்.

இதனை வெறும் மறைபொருள் காக்கும் பழக்கம் என்று ஒதுக்க இயலாது. வர்ம ஆசான் பெரும்பாலும் மருத்துவராகவும் விளங்குகிறார். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவரும், நரம்பு பிசகியவரைத் தேற்றுபவரும் அவரே. அடியால் விளையும் கேட்டை நீக்கும் முறையையும் அறிந்தவரிடமே அடிக்கும் இடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது இம்மரபின் அறம். தீர்க்கும் பொறுப்பை ஏற்காமல் தாக்கும் அறிவை மட்டும் கேட்பவருக்குக் கதவு மூடியே இருக்கிறது.

விழைவைக் காத்தல்

அவ்வாறாயின், மாணவர் கேட்பதை மறுத்துக்கொண்டே இருப்பதுதான் நல்லாசிரியரின் அடையாளமா? இல்லை. காரணம் கூறாத காத்திருப்பு, பொறுமையை வளர்ப்பதில்லை, வெறுப்பை வளர்க்கிறது. தாம் அறியாததை மறைக்கவும் மாணவரைத் தம்மிடமே கட்டிவைக்கவும் காலம் வரவில்லை என்னும் சொல்லைப் பயன்படுத்தும் ஆசிரியரும் உண்டு. ஒருவருக்கும் உரைக்காமல் காத்த அறிவு, காத்தவருடனேயே மறைந்துபோகவும் கூடும். மறைத்தலும் ஒரு கலையை அழிக்கும்.

இச்சிக்கலை ஆழமாகச் சிந்தித்தவர் கானோ. பழைய ஜுஜுட்சுப் பள்ளிகளின் உத்திகளுள் கடுங்காயம் விளைவிப்பனவற்றைத் தனியே பிரித்து, முன்னரே வகுத்த ஒழுங்கில் செய்யும் கத்தாப் பயிற்சியில் மட்டும் வைத்தார். எஞ்சியவற்றைக் கொண்டு, இருவர் தம் முழு ஆற்றலுடன் விருப்பம்போல் மோதிப் பழகும் ரண்டோரி என்னும் முறையை வளர்த்தார். இதனால் வீழக் கற்ற மாணவர், பல்லாண்டு காத்திராமல், உண்மையான எதிர்ப்பை எதிர்கொள்ளும் மகிழ்ச்சியைப் பெற்றார். ஆர்வத்திற்கும் உணவு கிடைத்தது. உயிருக்கும் காவல் கிடைத்தது. இக்கலையே 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெறும் அளவுக்கு உலகெங்கும் பரவியது.

ஐரோப்பாவில் ஜூடோ பரவியபோது கறுப்புப் பட்டைக்கு முந்தைய நிலைகளைக் காட்டப் பல வண்ணப் பட்டைகள் வழக்கிற்கு வந்தன. தொலைவிலுள்ள இலக்கை அண்மையிலுள்ள சிறு இலக்குகளாகப் பகுத்துக் காட்டும் ஏற்பாடு இது. பயன் பெரிது, இடரும் உண்டு. படிக்கல்லே இலக்காகிவிட்டால், மாணவர் பட்டையைச் சேர்ப்பார். பயிற்சியைச் சேர்க்க மாட்டார். சிலம்பத்திலும் இன்று அலங்கார வீச்சும் போட்டிச் சிலம்பமும் தனித்தனியே வளர்கின்றன. மேடையில் கைதட்டல் பெறும் வீச்சு மட்டுமே சிலம்பம் என்று ஒரு தலைமுறை எண்ணிவிட்டால், கம்பு எஞ்சும், சுவடு மறையும்.

நல்லாசிரியர் இரண்டையும் இணைக்கிறார். முதல் நாளிலேயே மாணவர் கையில் கம்பைத் தந்து அதன் எடையை உணரச் செய்கிறார். பின்னர், கால் தடுமாறும் இடத்தை அவரே கண்டுகொள்ளுமாறு விடுகிறார். தம் தேவையைத் தாமே கண்டுகொண்ட மாணவருக்குச் சுவடு தண்டனையாகத் தோன்றாது.

தற்காப்பு என்னும் சொல்

தற்காப்புக் கலை என்னும் பெயரில் தாக்குதல் என்னும் சொல் இல்லை. தன்னைக் காத்தலின் முதற்படி ஆபத்தான இடத்தை இனங்கண்டு விலகுதல். அடுத்தது உரத்த குரலில் உதவி கேட்டல். அதற்கடுத்தது தப்பிச் செல்லத் தேவையான தொலைவை உண்டாக்கல். உத்தி தேவைப்படுவது இவை யாவும் இயலாதபோதுதான். இரண்டு வாரப் பயிற்சியில் ஒரு பிடியை மட்டும் கற்றவர், அதனை நம்பி விலகியிருக்க வேண்டிய இடத்தில் நின்றுவிடுவது அஞ்சத்தக்கது. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி களத்திற்கும் பொருந்தும். அரைகுறையாகக் கற்ற கலை, கல்லாமையினும் மிகுந்த கேட்டைத் தரும். ஏனெனில், கல்லாதவருக்கு அச்சமாவது துணை நிற்கும்.

எனவே, தொடக்கநிலை மாணவர் மிகவும் விரும்பிக் கேட்கும் பாடமும் அவருக்கு மிகவும் தேவையான பாடமும் வெவ்வேறானவை. முன்னது அவரைக் களத்திற்கு அழைத்துவருகிறது. பின்னது அவரைக் காயமின்றி வீட்டிற்கு அனுப்புகிறது. நிற்கவும் நகரவும் வீழவும் கற்றவரிடம் கம்பு தானே விரைவு கொள்ளும். இது களத்திற்கு மட்டும் உரிய உண்மையன்று. கணக்கின் அடிப்படையை விடுத்து விடையை மட்டும் மனனம் செய்பவரும், எழுத்துப் பிழை களையாமல் கவிதை புனைய விரைபவரும் இதே வாயிலில்தான் நிற்கின்றனர். அவர்கள் முன்னும் ஒரு முதற்சுவடு காத்திருக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் சிலம்பம் அல்லது வேறு தற்காப்புக் கலை கற்பிக்கும் ஆசானைச் சந்தித்து, மாணவர் முதலில் கேட்பது எது, அவர் முதலில் கற்பிப்பது எது என வினவித் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.

2. நீங்கள் பயிலும் கலை, விளையாட்டு அல்லது பாடம் ஒன்றில், சலிப்பூட்டியபோதும் பின்னர்ப் பயன்தந்த அடிப்படைப் பயிற்சி குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. 'வண்ணப் பட்டைகளும் பரிசுகளும் கற்றலை வளர்க்கின்றனவா, திசைதிருப்புகின்றனவா?' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

குறுவினா
1. சிலம்பம் என்னும் பெயர்க்காரணத்தைக் குறிப்பிடுக.
2. களரிப்பயிற்றின் நான்கு படிநிலைகள் யாவை?

சிறுவினா
1. கம்பு வீச்சுக்கு முன் சுவடு கற்பிக்கப்படுவதற்கான மூன்று காரணங்களை விளக்குக.
2. வர்ம ஆசான், புள்ளிகளின் இடத்தை இறுதியில் கற்பிப்பதன் பின்னுள்ள அறத்தை எழுதுக.

நெடுவினா
1. 'விழைவு பிழையன்று, வரிசையே வினா' என்னும் கருத்தை, ஜூடோவின் வரலாற்றையும் சிலம்பப் பயிற்சியையும் சான்றாகக் கொண்டு நிறுவுக.